வயலைப் பார்த்த வீடு

மேக்கொங் ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலுக்குப் போகும் வழியில் காய்லுவா என்று ஒரு ஊர் இருந்தது, அந்த ஊரில் ஆற்றங்கரையோடு ஒரே வரிசையாக எங்கள் தமிழ்த் தெரு இருந்தது, வியட்நாம்காரர்கள் பிரெஞ்சுக்காரனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய வருஷத்தில் அந்தத் தெருவின் வீடுகள் முகம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தன. அதுவரை எல்லா வீட்டு வாசலும் ஆற்றைப் பார்த்துத்தான் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் கோட்டை, கோட்டைமேல் மூன்று நிறக் கொடி, காலையில் கதவைத் திறந்தால் கண்ணில் படுவது அதுதான். வீடுகளின் முதுகுப் பக்கம் வயல், வயலுக்கு அப்பால் நீர்த்தென்னைக் காடு, அந்தக் காட்டுக்குள்தான் விடுதலைப் படைக்காரர்கள் இருந்தார்கள்.

நாங்கள் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பலேறிப் போனவர்கள். பிரெஞ்சுக்காரன் அந்த நாட்டைப் பிடித்ததும் அவனுக்குக் கணக்கு எழுதவும் சுங்கம் பிடிக்கவும் ஆள் தேவைப்பட்டது, எங்களுக்குச் சோறு தேவைப்பட்டது. ஓட்டுரிமையும் கால்சட்டையும் கொடுத்து நீங்களும் பிரெஞ்சுக்காரர்கள்தான் என்றான், நாங்களும் நம்பினோம், நம்பாதவர்கள்கூட நம்பியதுபோல நடந்துகொண்டோம். அவனுக்கு நாங்கள் கறுப்பர்கள், அந்த நாட்டுக்காரர்களுக்கு நாங்கள் வெள்ளைக்காரன் வீட்டுக் கறுப்பர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எங்களைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் திரும்பியது மாட்டுப்பண்ணை வைத்திருந்த வடிவாம்பாள் வீடு. கடல் ஓதம் ஆற்றுக்குள் ஏறி, கொஞ்சம் நின்று, இறங்கத் தொடங்கும் நேரத்தில் மரக்கால்கள்மேல் நின்ற அந்த வீடு, படுத்திருக்கும் மாடு புரள்வதுபோல ஒரு முனகல் முனகி மெல்லச் சுற்றியது, வாசல் வயலைப் பார்க்கப் போய் நின்றது. வடிவாம்பாள் அப்போது தயிர் கடைந்துகொண்டிருந்தாள், மத்தைக்கூட நிறுத்தவில்லை. அடுத்த ஓதத்தில் வீடு பழையபடி ஆற்றைப் பார்த்தது. காலையில் கோட்டைக்குப் பால் ஊற்றிவிட்டு மாலையில் காட்டுக்குப் பால் அனுப்புகிறவளின் வீடு பிறகு எப்படி இருக்கும் என்று தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள், “பால் குடிக்கிற வாய்க்குக் கொடி ஏதுடா?” என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின. சில வீடுகள் திரும்பின, பயந்து மறுபடி திரும்பின, கோட்டைக்காரன் ஜெயித்த செய்தி வந்தால் இந்தப் பக்கமும் காட்டுக்காரன் ஜெயித்தால் அந்தப் பக்கமுமாக வெட்கமில்லாமல் சுற்றிய வீடுகளும் உண்டு. ஏன் திரும்புகிறது என்று யாரும் கேட்கவில்லை, வீட்டுக்குள் இருக்கிறவர்கள் மனசு போகிற பக்கம் வீடு போகிறது, இதிலே கேட்க என்ன இருக்கிறது? எங்களுக்கு வேறு கவலைகள் இருந்தன. சரியாகத் தெற்கே தலை வைத்துப் படுத்தவர்கள் வடக்கே தலையோடு எழுந்தார்கள், எமன் வீட்டு வழியைக் காட்டிவிட்டதே என்று அலறினார்கள். காசிம் மரைக்காயர் தொழுகைப் பாயை எந்தப் பக்கம் போடுவது என்று ஒவ்வொரு ஓதத்துக்கும் வெளியே வந்து சூரியனைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். காலையில் கோலம் போட்ட வாசல் சாயங்காலம் கொல்லையாகிவிட்டதால் பெண்கள் இரண்டு பக்கமும் கோலம் போட்டார்கள். இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம், ஒன்றுக்குத்தான் வழி தெரியவில்லை. யார் மனசு எந்தப் பக்கம் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆற்றைப் பார்த்த வீட்டுக்காரர்கள் வயலைப் பார்த்த வீட்டுக்காரர்களுடன் பேச்சை நிறுத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சவரிராயன் வீடு திரும்பியது. தெருவுக்கே அது அதிர்ச்சி, வீடு திரும்பியதற்காக அல்ல, அது சவரிராயன் வீடு என்பதற்காக. சவரிராயன் சுங்கச் சேவகர், ஆற்றுப்படகுகளைச் சோதிக்கிறவர், சீருடைப் பொத்தானைத் தினமும் சாம்பல் போட்டுத் தேய்க்கிறவர். அடுத்த வீட்டுத் தைரியநாதன்தான் அவரைக் காரைக்காலிலிருந்து அழைத்துவந்து அந்த வேலையில் சேர்த்துவிட்டவர். தைரியநாதன் சந்தை வரி வசூலிப்பவர், தெருவில் பெரியவர், பிரெஞ்சுக்காரனைவிட ஒரு படி கூடுதலான பிரெஞ்சுக்காரர். கூடப்பிறக்காத அண்ணன் தம்பி என்றுதான் இருவரையும் சொல்வார்கள். அந்தத் தம்பியின் வீடு ஒரு மத்தியானம் வயலைப் பார்த்துத் திரும்பியது, திரும்பியது திரும்பியதுதான், அடுத்த ஓதத்துக்கு அசையவில்லை, அதற்கடுத்த ஓதத்துக்கும் அசையவில்லை.

“இது அந்தப் பொண்ணு வேலை” என்றார் தைரியநாதன்.

அந்தப் பெண் என்றால் சவரிராயன் மனைவி நுங். அந்த ஊர்க்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் பேரைக் கேட்டதும் தெரு சிரித்தது, நுங்கம்மா என்று கூப்பிட்டது, அவளும் காரைக்கால் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டு அதே தமிழில் எங்களை ஏசினாள். அவள் தம்பி காட்டுக்குள் இருந்தான். அதனால் தைரியநாதன் சொன்னதை யாரும் மறுக்கவில்லை, சவரிராயனும் மறுக்கவில்லை என்பதுதான் அவளுக்கு வலித்தது.

ஜூலை பதினாலு நெருங்கிக்கொண்டிருந்தது. அது பிரெஞ்சுக்காரர்களின் திருநாள், அன்றைக்குக் கோட்டைக் கப்பித்தேன் படகில் கரையோரமாக வருவார். தளபதியை நாங்கள் கப்பித்தேன் என்றுதான் சொல்வோம். இந்த முறை அவரிடமிருந்து உத்தரவு வந்தது: தமிழ்த் தெருவில் எல்லா வாசலும் ஆற்றைப் பார்க்க வேண்டும், பார்க்காத வீடு கொளுத்தப்படும், வீட்டுக்காரன் தீவுச் சிறைக்குப் போவான். தீவுச் சிறைக்குப் போனவர்கள் திரும்பியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. மற்ற வீடுகள் எல்லாம் உத்தரவு வந்த அன்றே மளமளவென்று ஆற்றைப் பார்த்து நின்றன, பயமும் ஒரு மனசுதானே. சவரிராயன் வீடு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் சீருடை போட்டுக்கொண்டு நடுவீட்டில் நின்று பிரெஞ்சு தேசிய கீதத்தை உரக்கப் பாடினார், பல்லியாவது கத்தியது, வீடு அசையவில்லை.

தைரியநாதன் வந்தார், உள்ளே வராமல் படிக்குக் கீழேயே நின்றார். “அவளை ரெண்டு நாளு வெளிய அனுப்பு தம்பி. அவ போனா வூடு தானா திரும்பும். அப்புறம் கூட்டிக்க, நான் வேணாங்கல.”

சவரிராயன் மனைவியைப் பார்த்தார். நுங் ஒரு மாற்றுப்புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வடிவாம்பாள் வீட்டுக்குப் போனாள்.

அவள் போன பிறகு ஓதம் ஏறியது, நின்றது, இறங்கியது. சவரிராயன் தனி ஆளாக வீட்டுக்குள் உட்கார்ந்து காத்திருந்தார். வீடு அசையவில்லை. மறுபடி ஓதம் ஏறி இறங்கியது. வாசலுக்கு நேரே வயல் பச்சையாகக் கிடந்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன்னால் அவர் ஒரு மீன்காரியின் படகைப் பிடித்தார். அரசாங்கத்திடம் வாங்காத உப்பு அதில் ஒரு பானை இருந்தது. சட்டப்படி அந்த உப்பை ஆற்றில் கொட்டினார். அவள் அழவில்லை, ஏசவில்லை, குனிந்து ஆற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளி, உப்பு கரிக்கிறதா என்று நக்கிப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது, அவர் அடுத்த படகுக்குப் போய்விட்டார், அப்புறம் அதை நினைக்கவே இல்லை. சவரிராயனின் அப்பா காரைக்கால் பக்கத்து உப்பளத்தில் கால் வெடிக்க உப்பு வாரியவர். இப்போது அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் இருந்தார், வேறு யார் மேலும் பழி போட முடியாது. தன் மனசு தன்னைக் கேட்காமலே போய்விட்டதே என்று அவருக்கு முதலில் பயமாகவும் பிறகு வெட்கமாகவும், எல்லாம் போன பிறகு ஏனோ கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

வடிவாம்பாள் மாட்டுக்கொட்டகையில் நுங் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

“நீ இல்ல நுங்கு. நாந்தான்” என்றார் அங்கே போய் நின்ற சவரிராயன்.

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லாம போன?”

“என் மனசு அந்தப் பக்கம் போயிருந்தா நான் நடந்தே போயிருப்பேன், எனக்குக் காலு இருக்கு. வூடு எதுக்குத் திரும்பணும்? நான் ஒங்க கூட இருக்கேன், அதான் என் பக்கம். அதை ஒங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?” என்றாள், சொல்லிவிட்டுத்தான் அழுதாள். சவரிராயன் கூடையை வாங்கி மிச்சச் சாணியை அள்ளினார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வடிவாம்பாள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். “மனசத் திருப்ப முடியாது, சரி. வூட்டத் திருப்பலாமுல்ல? தேரு இழுக்கிற ஜனந்தானே நாம?”

எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு சின்னத் தேர் உண்டு, அதன் வடம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தது, வருஷம் முழுவதும் வடிவாம்பாள் கொட்டகையில்தான் சுருண்டு கிடக்கும். வேதக்காரர்கள் மாதா தேர் இழுத்தவர்கள், மரைக்காயர் வீட்டார் கந்தூரிக்குக் கப்பல் ரதம் இழுத்தவர்கள், ஆக வடம் பிடிக்கத் தெரியாத கை அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை. தானாக ஒருமுறை திரும்பிய வீடு மண்பிடிப்பு விட்டுத்தான் நிற்கும், அரைச்சுற்று இழுத்தால் வாசல் ஆற்றைப் பார்க்கும், கப்பித்தேன் போனதும் அது இஷ்டத்துக்குப் போகட்டும் என்று பேசி முடித்தார்கள். முட்டுக்கட்டை போடுகிற பொறுப்பை மரைக்காயர் ஏற்றுக்கொண்டார். தேரைக் கிளப்புவது பெரிய வித்தையில்லை, உரிய இடத்தில் கட்டையைக் கொடுத்து நிறுத்துவதுதான் வித்தை. தைரியநாதனிடமும் போய்க் கேட்டார்கள். “சர்க்காருக்கு விரோதமா நான் கயிறு புடிக்க மாட்டேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை பதினாலு காலையில் சவரிராயன் வீட்டு மூலைக்கால்களில் வடத்தைக் கட்டினோம். கப்பித்தேன் வரும்போது வீட்டுக்காரன் வாசலில் நின்று சல்யூட் அடிக்க வேண்டுமாகையால் சவரிராயனும் நுங்கும் வீட்டுக்குள்ளேயே நின்றார்கள், தேருக்குள் சாமியும் அம்மனும் நிற்கிற மாதிரிதான். ஆற்றைப் பார்த்தவர்களும் முன்பு வயலைப் பார்த்தவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வடத்தின் இரண்டு பக்கமும் நின்றார்கள். வடிவாம்பாள் குரல் கொடுத்தாள், இழுத்தோம், வீடு அசையவில்லை. மறுபடி இழுத்தோம். ஒரு ஜாண் நகர்ந்து சேற்றில் சிக்கிக்கொண்டது. இழுத்து இழுத்துக் கை சலித்து வடம் தொய்ந்துபோனது.

தைரியநாதன் தன் வீட்டு வாசலில் கறுப்புக் கோட்டும் திருநாளுக்கென்று வைத்திருந்த வெள்ளைக் கையுறையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் வேறு பக்கம் திரும்பி நின்றார். ஆனால் சிக்கி நிற்கும் தேரைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க எந்தக் காரைக்கால்காரனால் முடியும்? கையுறையைக் கழற்றிக் கோட்டுப்பையில் திணித்தார், கோட்டைக் கழற்றிப் படியில் போட்டார், ஓடிவந்து வடத்தைப் பிடித்தார். “ஒரே மூச்சா இழுங்கடா! காரைக்கால்ல சோறுதானே தின்னீங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் வீடு கிளம்பியது.

அப்புறம்தான் எங்கள் ஜனம் மட்டுமே செய்யக்கூடிய அந்தத் தப்பு நடந்தது. கிளம்பிய தேர் நிலைக்கு வந்துதான் நிற்க வேண்டும், நடுவில் நிறுத்துவது அபசகுனம், இது எங்கள் கைக்கும் காலுக்கும் பிறவியிலிருந்தே தெரியும். வீடு குலுங்கிக் குலுங்கித் திரும்பியது, வாசல் ஆற்றைப் பார்த்தது, சவரிராயன் உள்ளிருந்து “போதும், போதும், நிறுத்துங்க!” என்று கத்தினார், கத்தியது குலவைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மரைக்காயர் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கந்தூரிக் கப்பல் தெரு சுற்றுவதைப் பார்ப்பதுபோல வாய் பிளந்து நின்றார். எங்களுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது, எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் தோள் ஒருவர்மேல் பட்டது, அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு அரைச்சுற்றும் சுற்றி, கிளம்பிய நிலைக்கே வீட்டைக் கொண்டுவந்து, வாசல் வயலைப் பார்க்க நிறுத்தி, “நிலைக்கு வந்துட்டா!” என்று வடத்தைப் போட்ட பிறகுதான் கப்பித்தேனின் படகு கரையில் முட்டிய சத்தம் கேட்டது.

கப்பித்தேன் கரையேறினார். ஆற்றைப் பார்த்த வரிசையில் ஒரே ஒரு வீடு மட்டும் தனக்கு முதுகைக் காட்டி நிற்பதைப் பார்த்தார். தைரியநாதன் அவசரமாகக் கோட்டை மாட்டிக் கையுறையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

“இந்த வீட்டை எதிரிப் பக்கம் இழுத்து வைத்தது யார்?” என்றார் கப்பித்தேன்.

சவரிராயன் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். வாயைத் திறக்காமல் இருந்தாலும் இருந்திருக்கலாம், ஊரே இழுத்ததில் தப்பு யாருடையது என்று குழம்பியிருக்கும். “யாரும் இழுத்து வைக்கவில்லை முசியே. ஊர்க்காரர்கள் உங்கள் பக்கம் திருப்பத்தான் பார்த்தார்கள். என் மனசு வயல் பக்கம் போய்விட்டது, வீடு அதன் கூடப் போனது. என் மனைவிக்கு இதில் சம்பந்தமில்லை” என்றார்.

இரண்டு சிப்பாய்கள் அவர் கையைப் பிடித்துப் படகுக்கு இழுத்தார்கள். இன்னொருவன் பந்தத்தைக் கொளுத்தினான். நுங் வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

அப்போது தைரியநாதன் கையுறையைக் கழற்றினார். விரல் விரலாகக் கழற்றினார், தோல் உரிந்த இடத்தில் துணி ஒட்டிக்கொண்டிருந்தது, முகம் சுளித்துக்கொண்டே பிய்த்தார். இரண்டு உள்ளங்கையையும் கப்பித்தேன் முகத்துக்கு நேரே நீட்டினார். வடம் அறுத்த ரத்தம் இன்னும் காயவில்லை.

“நானும் இழுத்தேன் முசியே. என் மனசு இன்னும் உங்கள் கொடிப் பக்கம்தான், என் வீட்டைப் பாருங்கள். ஆனாலும் இவன் என் தம்பி. இவனைக் கொண்டுபோவதானால் என்னையும் படகில் ஏற்றுங்கள்.”

வடிவாம்பாள் கையை நீட்டினாள். கட்டையைக் கீழே போட்டுவிட்டு மரைக்காயர் நீட்டினார், அவர் கையில் காயமில்லை என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. பிறகு தெருவே நீட்டியது. கப்பித்தேன் அந்தக் கைகளைப் பார்த்தார். அவருக்கு வரி பிடிக்கிற கை, படகு சோதிக்கிற கை, பால் கறக்கிற கை, தேர்தலில் ஓட்டுப் போடுகிற கை எல்லாம் அதில் இருந்தன, மரைக்காயர் கையைத் தவிர அத்தனையும் சிவந்திருந்தன. இவர்களை எல்லாம் ஏற்றினால் படகு மூழ்கும், இவர்கள் இல்லாவிட்டால் கோட்டை பட்டினி கிடக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில், இன்றைக்குச் சிறையை உடைத்த திருநாள், அதனால் யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை என்று கௌரவமாக ஒரு காரணம் சொல்லி, சவரிராயன் தலையிலிருந்த சுங்கத் தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு படகேறினார்.

வேலை போய்விட்டது, உயிர் இருந்தது, வீடு இருந்தது. போரும் இருந்தது, அது இன்னும் சில வருஷம் நடந்து, அந்த நாட்டுக்காரர்கள் ஜெயித்துத்தான் ஓய்ந்தது.

அன்று மத்தியானம் ஓதம் ஏறி நின்றபோது தைரியநாதன் வீடு முனகியது. நாங்கள் எல்லாரும் வெளியே ஓடிவந்தோம். கிழவர் கடைசியில் மாறிவிட்டாரா, வீடு வயல் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றோம். வீடு திரும்பியது, கால்சுற்றுத் திரும்பியது, அங்கேயே நின்றுவிட்டது. ஆற்றையும் பார்க்கவில்லை, வயலையும் பார்க்கவில்லை. அப்படி ஒரு பக்கம் இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. அதன் வாசல் சவரிராயன் வீட்டுப் பக்கவாட்டுச் சுவரைப் பார்த்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்துதான் உண்டு, வீடு திரும்பியதில் அந்தச் சந்தும் அடைபட்டு, தைரியநாதன் கதவைத் திறந்தால் மூக்கில் இடிப்பது தம்பி வீட்டுப் பலகைச் சுவர்தான் என்று ஆகிவிட்டது.

“தம்பி” என்று அவர் சுவரைத் தட்டினார். “நான் வெளிய வர வழியில்லாம ஆயிடுச்சுடா.”

“இருங்கண்ணே” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் ரம்பத்தின் சத்தம் கேட்டது. சவரிராயன் தன் வீட்டுச் சுவரை மேலிருந்து கீழாக அறுத்தார், அந்தப் பக்கமும் அறுத்தார், பலகையைக் காலால் உதைத்துத் தள்ளினார். மரத்தூளுக்கு நடுவே ஒரு வாசல் விழுந்தது. அதன் அந்தப் பக்கம் நுங் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். தைரியநாதன் தன் வாசல்படியில் கட்டுப்போட்ட கைகளோடு நின்றார், அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

“உள்ள வாங்க மாமா” என்றாள் அவள். “கையில கட்டு இருக்கே, சோத்த நான் பெசஞ்சு தர்றேன்.”